உழைத்துப் படிக்கும் மாணாக்கர்
அமெரிக்கக் கல்லூரிகளில் நடைபெறும் ஓர் ஏற்பாடு

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்களில் ஒரு பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் வயதை அடைந்துவிட்டால், வீட்டில் இரு கவலைகள் ஒருங்கே தோன்றுகின்றன. கல்லூரிக் கட்டணத்தை எவ்வாறு செலுத்துவது என்பது ஒன்று. அப்பிள்ளை வீட்டுத் தொழிலில் கைகொடுத்துவந்த உழைப்பு நின்றுபோவதை எவ்வாறு ஈடுசெய்வது என்பது மற்றொன்று. செலவு ஏறுகிறது, அதே சமயத்தில் வரவு குறைகிறது. இவ்விரண்டையும் தாங்க இயலாமல், படிப்பில் தேர்ந்த பிள்ளைகளும் இடையிலே நின்றுவிடுவதை நாம் பார்க்கிறோம்.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வ நாடென்று பெயர்பெற்ற ஐக்கிய அமெரிக்காவிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இதே கவலையோடுதான் கல்லூரி வாயிலை மிதிக்கிறார்கள். அங்கே இதற்குக் கண்டிருக்கும் பரிகாரங்களுள் ஒன்று, கல்லூரி வளாகத்திலேயே பகுதி நேர வேலை அளித்து, அவ்வேலைக்குரிய கூலியால் படிப்புச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்துகொள்ளச் செய்வதாகும். கூலியின் பெரும்பங்கை மத்திய அரசாங்கம் ஏற்கிறது. எஞ்சியதைக் கல்லூரி ஏற்கிறது. ‘வொர்க்-ஸ்டடி’ என்று வழங்கும் இத்திட்டத்தின் வரலாற்றையும், நடைமுறையையும், நிறைகுறைகளையும் நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

திட்டத்துக்கு முந்திய காலம்

உழைத்துப் படிக்கும் வழக்கம் அந்நாட்டில் அரசாங்கச் சட்டத்தால் பிறந்ததன்று. சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அது இருந்தது. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் கல்வியை நாடிச் சென்ற புக்கர் டி. வாஷிங்டன் என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1872-ஆம் ஆண்டில் அவர் விர்ஜீனியா மாகாணத்திலுள்ள ஹாம்ப்டன் கல்விநிலையத்தை அடைந்தபோது, அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆசிரியை ஒருவர் தயங்கினார். முடிவில் ஓர் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யுமாறு பணித்தார். அறையில் ஒரு தூசியும் காணாதபடி அவர் பெருக்கித் துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வாக அமைந்தது. பின்னர் அவர் அங்கேயே துப்புரவுப் பணி செய்து தம் உணவுச் செலவை ஈடுசெய்துகொண்டு படித்தார்.

அவரே 1881-இல் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி கல்விநிலையத்தின் தலைமையை ஏற்றபோது, மாணாக்கர் தம் கையால் செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பும் முறையை ஏற்படுத்தினார். முதல் மூன்று சூளைகளும் கெட்டுப்போயின. நான்காவது சூளைக்குப் பணமின்றித் தம் கடிகாரத்தை அடகுவைத்தார். அச்சூளை நன்கு வெந்தது. நாளடைவில் சுற்றுவட்டார மக்கள் அங்கே வந்து செங்கல் வாங்கிச் செல்லும் நிலை உண்டாயிற்று.

தறிகொண்டு கட்டணம் செலுத்திய கல்லூரி

நம் நெசவாள அங்கத்தினர்கள் சிறப்பாக அறியத்தக்க கல்லூரி ஒன்று கென்டக்கி மாகாணத்தில் உளது. பெரியா என்னும் ஊரில் 1855-இல், அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்னும் பாதிரியாரால் அது தோற்றுவிக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும், ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து கற்கும் இடமாக அது அமைந்தது. 1904-இல் அம்மாகாணம் இயற்றிய ஒரு சட்டம் இரு நிறத்தவரும் சேர்ந்து படிப்பதைத் தடுத்தது. 1950-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பழைய முறை மீண்டும் நிலைபெற்றது.

பெரியாவைச் சூழ்ந்த மலைப் பகுதிகளில் வாழ்ந்த பெண்கள் வீட்டுத்தறியில் படுக்கை விரிப்புகளை நெய்துவந்தனர். 1890-களில் கல்லூரியின் தலைவராய் இருந்த வில்லியம் ஃப்ராஸ்ட் அவ்விரிப்புகளின் அழகைக் கண்டார். கையில் ரொக்கம் இல்லாத பெற்றோர், தம் பிள்ளைகளின் செலவுக்காக நெய்த விரிப்புகளைக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். கல்லூரி அவற்றை வெளியூர்களில் விற்றுப் பணமாக்கிக்கொண்டது. பின்னர் மாணாக்கரே கல்லூரியில் நெசவு செய்யும் பகுதி ஒன்றும் ஏற்பட்டது. அக்கல்லூரியின் கைவினைப் பகுதியில் நெசவும், துடைப்பம் கட்டுதலும், மரவேலையும் இன்றும் மாணாக்கர் கைகளாலேயே நடைபெறுகின்றன. கல்லூரிப் பண்ணையிலும் மாணாக்கரே பயிரிடுகிறார்கள்.

1892 முதல் பெரியா கல்லூரி போதனைக் கட்டணம் வசூலிப்பதில்லை. பொருள் வசதியற்ற குடும்பத்தினரையே அது பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஏதேனும் ஒரு வேலை செய்தாக வேண்டும். செல்வர் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வேற்றுமை வேலையில் இல்லாமையால் வேலை செய்வது எவருக்கும் இழிவாகத் தோன்றுவதில்லை.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. மாணாக்கரின் உழைப்பால் மட்டும் அக்கல்லூரி நடைபெறவில்லை. பல தலைமுறைகளாகச் சேர்ந்த நன்கொடைகள் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட மூலநிதியாக வளர்ந்துள்ளன. அந்நிதியின் வருவாயே போதனைச் செலவின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. ஒதுக்குநிதி வலுவாக இருக்கும் சங்கம் அங்கத்தினர்க்குச் சலுகை காட்ட இயலும் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். பெரியாவின் நிலையும் அதுவே.

அரசாங்கம் தலையிட்ட வரலாறு

1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். பிள்ளைகள் கல்லூரியை விட்டு வெளியேறினர். வெளியே வந்தவர்க்கும் வேலை இல்லை. ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஜூன் மாதத்தில் தேசிய இளைஞர் நிர்வாகம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். அது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்போருக்கு நூலகம், சோதனைச்சாலை, அலுவலகம் முதலிய இடங்களில் சிறு வேலைகள் அளித்து மாதக்கூலி கொடுத்தது. 1943-இல் அது மூடப்படுவதற்குள் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் அதனால் பயனடைந்தனர்.

பின்னாளில் நாடக ஆசிரியராகப் புகழ்பெற்ற ஆர்தர் மில்லர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சோதனைச்சாலை எலிகளுக்குத் தீனியிடும் வேலை பார்த்து மாதம் 15 டாலர் பெற்றார். பின்னாளில் ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்ஸன், டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றபோது மணிக்கு 35 சென்ட் கூலிக்கு இவ்வமைப்பின் வழியே வேலை செய்தார்.

டெக்ஸஸ் மாகாணத்தில் இவ்வமைப்பை 1935 முதல் 1937 வரை நடத்தியவர் லிண்டன் ஜான்ஸன் என்னும் இளைஞர். அவரும் வறுமையை அறிந்தவரே. ஸான் மார்க்கோஸ் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ந்து, துப்புரவுப் பணியும் பின்னர் அலுவலகப் பணியும் செய்து 1930-இல் பட்டம் பெற்றவர். அவர் ஜனாதிபதியானபின் 1964 ஆகஸ்டு 20-ஆம் நாள் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வொர்க்-ஸ்டடி திட்டம் அச்சட்டத்தின் ஒரு பகுதியாகவே பிறந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிடுவதற்கு அவர் தேர்ந்துகொண்ட இடம், தாம் வேலை செய்து படித்த அதே ஸான் மார்க்கோஸ் கல்லூரியாகும். அதுமுதல் இத்திட்டம் உயர்கல்வித் துறையின் கீழ் இயங்கிவருகிறது.

நடைமுறை எவ்வாறு?

முதலாவதாக, உதவி வேண்டும் மாணாக்கர் ஒவ்வோர் ஆண்டும் மத்திய அரசாங்கத்தின் நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். இதனை ‘ஃபாஃப்சா’ என்று சுருக்கமாக அழைக்கின்றனர். குடும்பத்தின் வருமானம், சொத்து, குடும்பத்தினர் தொகை ஆகியவற்றைக்கொண்டு, அக்குடும்பத்தின் தாங்கும் ஆற்றலைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கணக்கிடுகின்றனர். ஓராண்டுப் படிப்புக்கு ஆகும் முழுச் செலவிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் எஞ்சுவது ‘தேவை’ எனப்படும்.

உதாரணமாக, கட்டணம், உணவு, உறைவிடம், நூல்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 24,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்குரிய எண் 4,000 ஆயின், தேவை 20,000 டாலர். இத்தேவையைக் கல்லூரி பல வழிகளால் நிரப்ப முயலும். திருப்பித் தரவேண்டாத உதவிப் பணம் ஒரு பகுதி. கடன் ஒரு பகுதி. வொர்க்-ஸ்டடி வேலை ஒரு பகுதி. அவ்வேலைக்கு 2,000 டாலர் என்று அனுமதிக் கடிதத்தில் குறிக்கப்பட்டிருக்கலாம்.

இங்கேதான் பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். கடிதத்தில் 2,000 டாலர் என்று இருப்பதனால் அத்தொகை கைக்கு வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. அது உழைத்துச் சம்பாதிக்கக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. சங்கம் நெசவாளிக்குப் பாவும் ஊடையும் கொடுத்துவிட்டால் கூலி கொடுத்ததாக ஆகாது. துணியை நெய்து கொண்டுவந்து ஒப்படைத்த பின்னரே கூலி உண்டு. அதுபோலவே இதுவும். மாணாக்கர் தாமே வளாகத்தில் வேலையைத் தேடி, நேர்முகம் கண்டு, அமர்ந்து, உழைத்த மணிகளைக் குறித்துக்கொடுத்து, மேற்பார்வையாளர் அதனைச் சரிபார்த்த பின்னரே கூலி பெறுவார். வேலை கிடைக்காவிடினும், கிடைத்தும் செய்யாவிடினும் அத்தொகை இல்லை.

கூலி குறைந்தது மாதத்துக்கு ஒரு முறை வழங்கப்பட வேண்டும். பட்டப்படிப்பு மாணாக்கர்க்கு மணிக்கணக்கிலேயே கூலி தரவேண்டும். அது சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போதல் கூடாது. மத்திய அரசாங்கத்தின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. பல மாகாணங்கள் இதனினும் உயர்ந்த கூலியை விதித்துள்ளன. அங்கே உயர்ந்த கூலியே செல்லும்.

செலவைப் பங்கிடும் முறை

பொதுவாகக் கூலியில் நூற்றுக்கு 75 வரை மத்திய அரசாங்கமும், எஞ்சியதைக் கல்லூரியும் ஏற்கின்றன. மணிக்கு 10 டாலர் கூலியாயின், அரசாங்கத்தின் பங்கு 7.50 டாலர், கல்லூரியின் பங்கு 2.50 டாலர். வெளியிலுள்ள இலாப நோக்குடைய நிறுவனத்தில் மாணாக்கரை அமர்த்தினால் அரசாங்கம் பாதிக்கு மேல் தருவதில்லை; அவ்வேலையும் இயன்றவரை மாணாக்கரின் படிப்போடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்கும் பணியாயின் முழுக்கூலியையும் அரசாங்கமே தரலாம் என்பது 1997 முதல் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு கல்லூரியும் தான் பெறும் ஒதுக்கீட்டில் நூற்றுக்கு 7 பங்கையேனும் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. 2024-ஆம் நிதியாண்டில் இத்திட்டத்துக்கு அந்நாட்டு அரசாங்கம் ஒதுக்கிய தொகை சுமார் 123 கோடி டாலராகும்.

பத்து டாலர் வேலையை இரண்டரை டாலருக்குப் பெறும் கல்லூரி, தன் நிரந்தர ஊழியரை நீக்கிவிட்டு மாணாக்கரை அமர்த்திக்கொண்டால் என் செய்வது என்ற ஐயம் எழக்கூடும். அதற்கும் தடை உண்டு. ஏற்கெனவே பணிபுரியும் ஊழியரை அகற்றிவிட்டு இத்திட்டத்தின்கீழ் ஆள் அமர்த்துதல் ஆகாது. ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதால் காலியான இடத்தில் மாணாக்கரை நுழைத்தலும் ஆகாது. அரசியல் கட்சிப் பணிக்கும், வழிபாட்டுக்குரிய கட்டடங்களைக் கட்டுவதற்கோ பராமரிப்பதற்கோ இவ்வுழைப்பைப் பயன்படுத்தலாகாது. ஏழை மாணாக்கருக்கு உதவும் பேரால் ஏழைத் தொழிலாளியின் வாயில் மண் விழக்கூடாது என்பதே முதலிரு விதிகளின் உட்கருத்து.

வேலைகள் எத்தகையன?

நூலகத்தில் புத்தகங்களை வரிசைப்படுத்துதல், சோதனைச்சாலையில் கண்ணாடிக் கலங்களைக் கழுவுதல், உணவுச்சாலையில் பரிமாறுதல், அலுவலகத்தில் கோப்புகளைப் பேணுதல், கணிப்பொறிக் கூடத்தில் உதவுதல், பின்தங்கிய மாணாக்கருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல் ஆகியன பெரும்பாலும் கிடைக்கும் வேலைகள். வகுப்பு நடைபெறும் நேரத்தில் வேலை செய்யலாகாது. மேற்பார்வையாளரும் கல்லூரியைச் சேர்ந்தவராதலால், தேர்வு வாரத்தில் நேரத்தை மாற்றித் தருகிறார். வெளியே ஒரு கடையில் வேலை பார்ப்பவருக்கு இந்தச் சலுகை எளிதிற் கிட்டாது. போக்குவரத்துச் செலவும் நேரமும் மிஞ்சுகின்றன.

மற்றொரு நன்மையும் உண்டு. மாணாக்கர் வெளியே சம்பாதிக்கும் பணம், வரம்பைத் தாண்டினால், அடுத்த ஆண்டு உதவிக் கணக்கில் குடும்பத்தின் தாங்கும் ஆற்றலாகச் சேர்க்கப்பட்டு உதவியைக் குறைக்கக்கூடும். வொர்க்-ஸ்டடி கூலியை அவ்வாறு சேர்ப்பதில்லை. உழைத்தமைக்காக உதவி குறையாது என்பது சிறிய செய்தி போலத் தோன்றினும், ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய செய்தியாகும்.

குறைகள் யாவை?

எத்திட்டமும் குறையற்றதன்று. இதன் குறைகளுள் முதன்மையானது, கூலிக்கும் கட்டணத்துக்கும் இடையே விரிந்துவிட்ட பள்ளமாகும்.

1964-ஆம் ஆண்டுச் சட்டம், வகுப்புகள் நடைபெறும் வாரங்களில் ஒரு மாணாக்கர் 15 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று வரையறுத்தது. அன்று நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர். அக்கூலிக் கணக்கில் வாரம் 15 மணி வீதம் 30 வாரம் உழைத்தால் 562.50 டாலர் கிடைக்கும். அக்காலத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் சராசரி ஆண்டுக் கட்டணம் 300 டாலருக்கும் குறைவு. ஆகவே கட்டணம் போக உணவுச் செலவுக்கும் ஒரு பகுதி மிஞ்சிற்று.

2023-24-ஆம் கல்வியாண்டின் கணக்கைப் பார்ப்போம். அதே 450 மணி உழைப்புக்கு 7.25 டாலர் வீதம் 3,262.50 டாலர் கிடைக்கும். நான்காண்டு அரசாங்கக் கல்லூரிகளில் உள்மாகாணத்தார் செலுத்தும் சராசரிக் கட்டணமோ 11,000 டாலரைத் தாண்டிவிட்டது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இக்கூலியால் அடையாது. உணவும் உறைவிடமும் தனி. முன்னொரு காலத்தில் வேலை செய்தே படித்துத் தேறினோம் என்று முதியோர் கூறுவது மெய்யே. இன்றைய பிள்ளைகள் சோம்பியதனால் அது மாறிவிடவில்லை. விலைவாசி மாறியதனால் மாறியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இவ்விடத்துக்குப் பொருந்தும்.

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. கட்டணம் பருவத் தொடக்கத்திலேயே செலுத்தப்பட வேண்டும். கூலியோ உழைத்தபின் சிறிது சிறிதாக வரும். விதைப்புச் செலவு முன்னே, விளைச்சல் பின்னே என்ற நம் உழவர்களின் இடர்ப்பாடு இதுவே. நாம் பயிர்க்கடன் கொண்டு அவ்விடைவெளியைக் கடக்கிறோம். அங்கே சில கல்லூரிகள் கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த இடமளிக்கின்றன. மாணாக்கர் எழுத்து மூலம் இசைவு தந்தால் கூலியை நேரே கட்டணக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது குறை ஒதுக்கீட்டு முறையைப் பற்றியது. எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு நிதி என்பதை, அங்கே இன்று படிக்கும் ஏழை மாணாக்கரின் தொகையை மட்டும் கொண்டு தீர்மானிப்பதில்லை; முன்னர் எவ்வளவு பெற்றது என்பதையும் அடிப்படையாகக் கொள்கின்றனர். அதனால் பழமையும் செல்வமும் வாய்ந்த கல்லூரிகள் மிகுதியாகப் பெறுகின்றன. ஏழைகள் திரளாகப் பயிலும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் குறைவாகப் பெறுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஓடிய தறிகளின் எண்ணிக்கையைக் கொண்டே இன்றும் நூல் ஒதுக்கினால், புதிதாகத் தறி போட்ட சங்கத்தின் கதி என்னவாகும்? அக்கதியே அக்கல்லூரிகளுக்கும் நேர்ந்துள்ளது. இம்முறையை மாற்ற வேண்டும் என்று அந்நாட்டு அறிஞர் பலர் வற்புறுத்திவருகின்றனர்.

படிப்பைப் பாதிக்குமா?

வேலை படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. இதனை அளவறிந்து நோக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்களின் ஆராய்ச்சி ஒன்று 2016-இல் வெளிவந்தது. இத்திட்டத்தில் சேர்ந்த மாணாக்கரை அது இரு பிரிவாக வைத்து ஆராய்ந்தது. திட்டம் இல்லாவிட்டாலும் எங்கேனும் வேலை தேடியிருக்கக்கூடியவர்கள் ஒரு பிரிவினர். இவர்கள் வளாக வேலையைப் பெற்றதால் உழைக்கும் நேரம் குறைந்து, படிப்பும் பட்டம் பெறுதலும் சிறந்தன. திட்டம் இல்லாவிடில் வேலைக்கே செல்லாதிருக்கக்கூடியவர்கள் மற்றொரு பிரிவினர். இவர்களுக்குப் படிப்பில் அத்தகைய நன்மை தோன்றவில்லை. ஆயினும் பட்டம் பெற்றபின் வேலை பெறுவதில் நன்மை காணப்பட்டது.

இதிலிருந்து தெளிவாவது யாதெனில், வேலை செய்தே தீரவேண்டிய பிள்ளைக்கு வளாக வேலை மிகச் சிறந்த துணை என்பதாகும். உழைப்பு அளவோடு இருத்தல் வேண்டும். இந்நாளில் மத்திய சட்டம் மணிவரம்பு விதிக்காவிடினும், பல கல்லூரிகள் பருவ காலத்தில் வாரம் 20 மணி என்ற அளவைத் தாண்ட விடுவதில்லை.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வேலைக்கு வர இயலாத மாணாக்கருக்கும் கூலியைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று அந்நாட்டு மன்றம் சட்டம் இயற்றியது. இக்கூலியை நம்பியே பல மாணாக்கர் நாளைக் கழித்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் பெற்றோர் கவனிக்க வேண்டியது

இந்நாளில் நம் மக்களின் பிள்ளைகளும் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கின்றனர். நிலத்தையோ வீட்டையோ ஈடுகாட்டிக் கடன் பெற்று அனுப்பும் குடும்பங்களும் உண்டு. அங்கே போனால் வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்லக் கேட்டு நம்பிவிடுவதும் உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடலாகாது. ஆகவே பின்வருவனவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

வொர்க்-ஸ்டடி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும், நிரந்தரமாக வாழ உரிமை பெற்றோர் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. மாணவர் விசா பெற்றுச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. ஆயினும் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து கூலி தரும் வளாக வேலைகளை அவர்கள் செய்யலாம். பருவ காலத்தில் வாரம் 20 மணி வரையிலும், விடுமுறையில் முழு நேரமும் செய்ய இடமுண்டு. வளாகத்துக்கு வெளியே முறையான அனுமதியின்றி வேலை செய்தல் விசா நிபந்தனைக்கு மாறானது. பெட்ரோல் நிலையத்திலோ கடையிலோ கணக்கில் காட்டாத கூலிக்கு வேலை செய்யும் பிள்ளை, சில டாலருக்காகப் படிப்பையும், அந்நாட்டில் தங்கும் உரிமையையும், வீட்டார் ஈடுவைத்த நிலத்தையும் ஒருசேரப் பணயம் வைக்கிறான்.

வளாக வேலைக்கும் உறுதி இல்லை. இடங்கள் சில, நாடுவோர் பலர். ஆதலால் கடன் வாங்குமுன் போடும் கணக்கில் இக்கூலியை வரவாக எழுதுதல் தகாது. கிடைத்தால் உணவுக்கும் நூலுக்கும் உதவும் என்று கருதிக்கொள்வதே விவேகம்.

சங்கக் கண்ணோடு நோக்கின்

இத்திட்டத்தில் கூட்டுறவாளராகிய நாம் மனத்திற் கொள்ளத்தக்கவை சில உள. உதவியைப் பிச்சையாக இடாமல் உழைப்புக்கு ஊதியமாகத் தருவதால், பெறுபவரின் மானம் காக்கப்படுகிறது. செலவை அரசாங்கமும் நிலையமும் பங்கிட்டுக்கொள்வதால் இரண்டுக்கும் பொறுப்பு உண்டாகிறது. தன் பணமும் கலந்திருப்பதால் கல்லூரி வேலையை வீணடிப்பதில்லை. உழைத்த மணியும், கொடுத்த கூலியும் கணக்கில் பதிந்து தணிக்கைக்கு உட்படுகின்றன. ஒருவருக்கு உதவும்போது மற்றொருவரின் பிழைப்பு கெடாதபடி விதி காவல் நிற்கிறது. இவையெல்லாம் நமக்குப் பழகிய கோட்பாடுகளே.

ஒதுக்கீட்டில் நேர்ந்த குறையிலிருந்தும் நாம் அறிந்துகொள்ளலாம். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டமும், காலத்துக்கேற்பக் கணக்கைத் திருத்தாவிட்டால், யாருக்காகத் தொடங்கியதோ அவர்களை விட்டு விலகிச் செல்லும். கூலி விகிதமும், உதவி வரம்பும், ஒதுக்கீட்டு அளவும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் விவாதிக்கப்பட வேண்டியவை. அங்கத்தினர்கள் கேள்வி கேட்காத இடத்தில் பழைய அளவே நிலைத்துவிடும்.

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வோர் அங்கத்தினரும், சேர்க்கைக்கு முன் அந்தக் கல்லூரியின் அலுவலகத்தில் சில கேள்விகளைக் கேட்பது நலம். முழு ஆண்டுச் செலவு எவ்வளவு, உதவியில் எவ்வளவு இலவசம், எவ்வளவு கடன், வளாகத்தில் வேலை உண்டா, உண்டாயின் கூலி என்ன, எத்தனை மணி, எப்போது கைக்கு வரும் என்பனவே அவை. இவற்றுக்கு விடை பெற்று ஒரு தாளில் எழுதி, வரவையும் செலவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, துண்டு விழும் தொகைக்கு வழி தேடிக்கொண்ட பின்னரே பிள்ளையை அனுப்ப வேண்டும். நூல் விலையும் கூலியும் கணக்கிட்டுப் பார்க்காமல் நாம் ஒரு பாவையும் தறியில் ஏற்றுவதில்லை. பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்புக்கும் அந்தக் கணக்கைச் செய்வோமாக.